தேசிக்காயும் மூன்று கிலோ கோச்சியும்

பெட்டியின் மேல் ‘இரண்டு வார இறுதிகளில் முடித்துவிடலாம்’ என்று போட்டிருந்தது. எனக்கு எட்டு மாதம் ஆனது. இத்தனைக்கும் நான் கெலாங் பாத்தாவில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு ஆண்டுகளாக இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறவன். அந்த வரியை எழுதியவனுக்கு மனைவியும் கிடையாது, சனிக்கிழமை ஓவர்டைமும் கிடையாது என்று முடிவு செய்தேன்.

அது உண்மையான நீராவியில் ஓடும் குட்டி ரயில் எஞ்சின். ஒரு முழ நீளம், மூன்று கிலோ எடை. பாய்லர், பிஸ்டன், சக்கரங்கள் எல்லாம் தனித்தனிப் பொட்டலங்களாகத் தபாலில் வந்தன. அரத்தால் தேய்த்து, பற்றவைத்து, நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டி முடித்தபோது ஒரு திருகு மிச்சமிருந்தது. வேலையிடத்தில் வேறு யாராவது திருகை மிச்சம் வைத்தால் கூரை அதிரக் கத்துவேன். வீட்டில் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கமுக்கமாக இருந்துவிட்டேன்.

தண்டவாளம் பின் தோட்டத்தில். மனைவி போட்ட நிபந்தனைகளின்படி அது கறிவேப்பிலை மரத்தை விட்டு ஒதுங்கி, மிளகாய்ச் செடிகளைச் சுற்றி, துணிக்கொடிக்குக் கீழே போனது. துணி காயும்போது ரயில் ஓடக்கூடாது. ஆயர் ஈத்தாமில் வாங்கிய பூந்தொட்டி ஒன்றின் அடியை வெட்டிப் படுக்க வைத்துக் குகையும் அமைத்தேன்.

இத்தனை பாடும் என் மாமனாருக்காக. அவர் எங்களோடுதான் இருக்கிறார். இலங்கைத் தமிழர், ரயில்வே அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ரப்பர் எஸ்டேட்டில் பால் மரம் வெட்டிய குடும்பத்துப் பையன். கல்யாணமான நாளிலிருந்து என்னை அவர் திட்டியதே இல்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. யாராவது வந்தால் “மருமோன், பாக்டரியிலை” என்பார், அத்தோடு என் வரலாறு முடிந்துவிடும். ரயில் என்றால் அவருக்கு உயிர். ரயிலை அவர் கோச்சி என்பார். நான் செய்ததை அவர் ஒரே ஒரு தடவை கோச்சி என்று சொல்லிவிட வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டாம். ஐம்பத்து நான்கு வயதில் இப்படி ஓர் ஆசை வருவது வெட்கமாகத்தான் இருந்தது.

அவரோ எட்டு மாதமும் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்து ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்: “உது விளையாட்டுச் சாமான்.”

முதல் ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். மனைவி பாய்லருக்கு விபூதி பூசி, புகைபோக்கிக்கு ஒரு முழம் மல்லிகை சுற்றினாள். பற்றவைத்ததும் மல்லிகை கருகியது. நீராவி ஏறி வால்வு சீறியபோது ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

“மருமோன், தேசிக்காய் வைக்கேல்லையோ?”

எலுமிச்சம்பழத்தைச் சொல்கிறார். புது வாகனம் என்றால் சக்கரத்தடியில் வைத்து நசுக்கித்தானே எடுப்போம்! என் எஞ்சின் விஷயத்தில் அவர் காட்டிய முதல் அக்கறை அது. மூன்று கிலோ எஞ்சின் எலுமிச்சம்பழத்தை நசுக்காது என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அவர் பலாப்பழத்தை வைக்கச் சொல்லியிருந்தாலும் வைத்திருப்பேன்.

மனைவி தொட்டிச் செடியிலிருந்து கஸ்தூரி எலுமிச்சை இரண்டு பறித்து வந்தாள். கோலிக்குண்டு அளவுதான். “சின்ன ரயிலுக்குச் சின்னப் பழம் போதும்லா. நசுங்கலன்னா எடுத்துடுங்க” என்றாள்.

நசுங்கவில்லை. சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. ஜன்னலில் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது பழத்தை எடுப்பதா? நீராவியை முழுக்கத் திறந்துவிட்டேன். எஞ்சின் பழத்தின் மேல் ஏறியது, தண்டவாளத்தை விட்டுத் துள்ளியது, மிளகாய்ச் செடி ஒன்றைச் சாய்த்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் விழுந்து புஸ்ஸென்று அடங்கியது. வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு மலாய்க்காரர் “அலமாக்!” என்றார். எனக்கு அழுகை வந்தது, உண்மையாகவே.

எடுக்கக் குனிந்தேன்.

“ஒருதரும் தொடக்கூடாது!”

மாமனார். எட்டு மாதத்தில் முதல் முறையாகத் தோட்டத்துக்கு வந்திருந்தார். கையில் தாளும் பேனாவும். தையல் டேப்பால் தண்டவாளத்திலிருந்து சாக்கடைவரை அளந்தார், சக்கரத் தடத்தைப் பார்த்தார், நசுங்காத பழத்தை முகர்ந்தார். அவர் ரயில்வேயில் செய்த வேலையே விபத்து விசாரணை அறிக்கை எழுதுவதுதான். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை என் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை.

அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதினார். பாக்டரிக்காரனுக்கு விளங்காது என்று நினைத்தோ என்னவோ, தமிழில் உரக்கப் படித்தார்.

“காலமை ஒன்பதே காலுக்குக் கோச்சி தடம் புரண்டது. தண்டவாளத்திலை தேசிக்காய் கிடந்தது. அதை ஆர் வைக்கச் சொன்னதெண்டு தெரியேல்லை. டிரைவரிலை பிழை இல்லை.”

மனைவி வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். ஆர் வைக்கச் சொன்னது என்று மூன்று பேருக்கும் தெரியும்.

“இதிலை ஒரு கையெழுத்துப் போடும்” என்று தாளை நீட்டினார். அவர் மனம் மாறுவதற்குள் போட்டுவிட்டேன்.