ஒரே ஒரு கொதி

பெற்றவர்கள் வைத்த பெயர் அந்த மிட்டாய்த் தொழிற்சாலையில் யாருக்கும் ஞாபகமில்லை. பாகக்கா என்றால்தான் தெரியும். இருபத்திரண்டு வருஷமாகச் சர்க்கரைப் பாகு காய்ச்சுகிறாள். வெப்பமானியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள், மூக்குதான் எல்லாம். அந்த மூக்குதான் கடைசியில் அவள் தலையில் கல்லைப் போட்டது.

வீட்டில் கணவருக்கு ஆறு வருஷமாகக் குடல் புண். பார்க்காத வைத்தியமில்லை. ஆள் பாதியாகிவிட்டார். அடுத்த மாதம் குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுக்க டாக்டர் நாள் குறித்துவிட்டார்.

இந்த நேரத்தில்தான் தொழிற்சாலையின் ஆய்வகத்துக்காரர் கடுகு கடுகாக ஏதோ மணிகளைக் கொண்டுவந்தார். பழச்சர்க்கரையில் அவற்றைப் போட்டு இளஞ்சூட்டில் வைத்தால், சர்க்கரை இரண்டிரண்டாகக் கைகோர்த்துக்கொள்ளுமாம். வயிற்றுக்கு அதைப் பிரிக்கத் தெரியாதாம். அப்படியே கீழே இறங்கி, குடலில் இருக்கும் நல்ல கிருமிகளுக்குத் தீனியாகுமாம். எலிகளுக்குக் குடல் வீக்கம் வற்றியிருக்கிறது.

"சார், எங்க வீட்டுக்காரருக்கு?"

"எலிக்குத்தான் பாத்திருக்கோம்க்கா. மனுஷங்களுக்கு இன்னும் தெரியாது."

"எலிக்கு இருக்கிற கொடுப்பினை அவருக்கு இல்லையா சார்?"

அடுத்த வாரமே முதலாளி ஆராய்ச்சியை இழுத்து மூடிவிட்டார். மிஞ்சியது ஒரு கைப்பிடி மணி. மனசு கேட்காமல் ஆய்வகத்துக்காரர் அதை அவளிடமே கொடுத்தார்.

"டாக்டரைக் கேட்டுட்டுக் கொடுங்க. கொதிக்க விடாதீங்க. லேசா மஞ்சளானதும் இறக்கிடுங்க. வாசனை வந்துச்சுன்னா, சேர்ந்ததெல்லாம் சிதைஞ்சிடும்."

ஒரு மணி நேரம் தொழிற்சாலை அடுப்பை விட்டு நகரவில்லை பாகக்கா. பாகு மஞ்சளானது. வாசனைதான் இல்லை. இறக்கக் கை வரவில்லை. வாசனை வராத பச்சைப் பாகை அவள் இறக்கியதே கிடையாது. போயும் போயும் புருஷனுக்கா கொடுப்பாள்? 'ஒரே ஒரு கொதி' என்று தீயைக் கூட்டினாள். பாவி, கூட்டியே விட்டாள்!

வாசனை கமகமவென்று கிளம்பியது. மணிகள் கறுத்துப்போயின. ஆய்வகத்துக்காரர் ஓடிவந்து அடுப்பை அணைத்தார்.

"போச்சுக்கா. இனிமே இது வெறும் பாகுதான்."

அதையும் கீழே கொட்ட மனமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோனாள். கணவர் ஒரு கரண்டி வாங்கி நக்கினார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த முகம் மலர்ந்தது.

"இதுதாண்டி உன் கைப் பாகு! மருந்துன்னியே, கசக்கும்னு பயந்துட்டேன். கேக்கும்ல?"

"கேக்கும்ங்க."

"அப்ப வயித்தை அறுக்க வேண்டி வராது."

"வராதுங்க," என்று சொல்லிவிட்டு, கரண்டியைக் கழுவ எழுந்து போனாள்.