நாற்பதுக்கு மேல் ஏறாத பெட்டி

எனக்குக் கோபம் வந்தால் என் வாய்க்கு முன்னால் பாத்திரம் பேசும் என்பார் என் வீட்டுக்காரர். அந்த ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் பேசவில்லை, கத்தியது. காரணம் எங்கள் கூடத்தில் இருக்கும் ஒரு கறுப்புப் பெட்டி.

பிரீஆம்ப் என்று அதற்குப் பேர். நெட்டில் வரும் பாட்டை வாங்கிப் பக்குவம் பண்ணி ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும். கூட்டுவது, குறைப்பது, எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு என்பதெல்லாம் போனில் இருக்கும் ஆப்பில்தான். பெட்டியின் முகப்பில் ஒரு திருகு இருக்கிறது. ஆனால் ஆப்பில் எந்த எண்ணை எல்லையாக வைத்திருக்கிறார்களோ அதுவரைக்கும்தான் அதுவும் திரும்பும்.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் வீடு கட்டிக் குடிபோனபோது என் அண்ணன் வைத்த சீர் அது. ஊரில் எல்லா அண்ணன்மாரும் பீரோவும் குத்துவிளக்கும் வைப்பார்கள். என் அண்ணன் திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்து ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போடுகிறவன். நேரில் 'ங்க' போட்டுத்தான் பேசுவேன், எழுத உட்கார்ந்தால் 'அவன்' என்றுதான் வருகிறது, கோபம் அப்படி. வருஷத்தில் பாதி நாள் கம்ப்ரஸர் இரைச்சலில் நிற்கிறவனுக்கு வீடு வந்தால் நல்ல சத்தம் வேண்டும். பூமிக்குள்ளே கல் மாறினால் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிற காது அவனுக்கு.

பெட்டியைக் கொண்டுவந்த அண்ணன் இரண்டு நாள் எங்கள் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தான். சின்ன மைக் ஒன்றை நாற்காலிக்கு நாற்காலி நகர்த்தி, ஸ்பீக்கரிலிருந்து கீச்சென்றும் உறுமியும் சத்தம் வரவைத்து, அளந்து அளந்து செட்டிங்ஸ் வைத்தான். ஜன்னலுக்குக் கனமான திரை போடச் சொன்னான். கடைசியில் ஒரு நாதஸ்வரத்தைப் போட்டுவிட்டு, "இப்பக் கேளு அம்மிணி" என்றான். வாசிக்கிறவர் மூச்சு இழுப்பது தனியாகக் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்றைக்கு அவன் மேல் எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அம்மா முன்பே போய்விட்டாள். பிறகு அப்பாவும் போனார். கருமாதி முடிந்து நாலாம் மாதம் அண்ணன் தட்டோடு வந்தான். தட்டில் பட்டுச்சேலை, பழம், வெற்றிலை பாக்கு. சேலைக்கு அடியில் விடுதலைப் பத்திரம். அப்பாவின் தோட்டத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுப்பதாக டைப் அடித்து, கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் புள்ளியும் வைத்திருந்தான்.

நான் கண்ணாடியை எடுத்துப் போட்டுப் படிக்க ஆரம்பித்தேன். "படிச்செல்லாம் பாக்கோணுமா? அண்ணன் மேல நம்பிக்கை இல்லியா?" என்றான். பள்ளிக்கூடத்தில் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிற வாத்தியார் நான். முழுதாகப் படித்து, மடித்து, சேலைக்கு அடியிலேயே வைத்தேன்.

"தோட்டத்தை நீங்களே ஓட்டிக்கோங்ணா. வெள்ளாமையில ஒரு பொட்டணம் எனக்கு வேண்டாம். அப்பன் பெத்தது ரெண்டு பேரு. காயிதத்துலயும் ரெண்டு பேரு இருக்கட்டும்" என்றேன். அவ்வளவுதான் நான் கேட்டது. சேலையை அங்கேயே போட்டுவிட்டு, பத்திரத்தை மட்டும் என் மேசை மேல் விட்டெறிந்துவிட்டுப் போனான். அதிலிருந்து எட்டு மாதம் பேச்சு வார்த்தை இல்லை. ஆடிக்கும் வரவில்லை, தீபாவளிக்கும் வரவில்லை.

இந்த நிலையில்தான் அந்த ஞாயிறு. எங்கள் வீடு ஏற்காடு மலையேறும் ரோட்டடியில். ஞாயிறு காலையில் பைக்கும் காருமாக மலைக்குப் போகிற கூட்டம் வாசலை அதிர அடிக்கும். சமையலறை வீட்டின் பின்பக்கம். மிக்ஸியும் ஓடும். இத்தனையையும் தாண்டி ஒரு தவில் காதுக்கு வர வேண்டுமென்றால் பெட்டியில் எழுபது வைக்க வேண்டும். எப்போதும் அதுதான் என் கணக்கு. அன்றைக்கு நாற்பதில் நின்றுவிட்டது. திருகினேன், நாற்பது. ஆப்பில் இழுத்தேன், நாற்பது. செட்டிங்ஸுக்குள் போய் எல்லையை மாற்றப் போனால், ஓனர் மட்டும்தான் மாற்ற முடியும் என்று சிவப்பு எழுத்தில் வந்தது.

யாருடா அந்த ஓனர் என்று தேடினேன். பயனர்கள் என்ற பக்கத்தில் இரண்டே பேர். முதலில் அண்ணன் பேர், அதற்கு நேரே ஓனர். அடுத்து என் பேர், அதற்கு நேரே கெஸ்ட்.

என் வீட்டில், நான் கரண்ட் பில் கட்டுகிற கூடத்தில், நான் விருந்தாளி! உடம்பெல்லாம் எரிந்தது. பிறந்த வீட்டில் விருந்தாளி என்று காயிதம் நீட்டினான், போகட்டும், புகுந்த வீட்டிலுமா? அங்கே திருச்செங்கோட்டில் உட்கார்ந்துகொண்டு, கையெழுத்துப் போடாத தங்கச்சிக்கு இவ்வளவு சத்தம் போதும் என்று விரலால் அமுக்கியிருக்கிறான். எட்டு மாத ரோஷத்தை ஓரமாக வைத்துவிட்டுப் போன் போட்டேன்.

"ஏனுங்ணா, என்ற ஊட்டுச் சத்தத்தைக் கொறைக்கறதுக்கு உங்களுக்கு என்ன ரைட்டு இருக்குது?"

"என்ன சத்தம்? என்ன சொல்ற அம்மிணி?"

"பெட்டியை நாப்பதுல கட்டிப் போட்டது நீங்கதானுங்க. பத்திரத்துல கையெழுத்து வாங்க முடியலீன்னு பாட்டுல வந்து காட்டறீங்களா? இதெல்லாம் ஒரு ஆம்பளை பண்ற வேலையா?"

கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்கக் கூடாது. வாய் முந்திவிட்டது. அந்தப் பக்கம் ரிக் வண்டி ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு அவன் மெதுவாகச் சொன்னான். "என்ற கண்ணாலத்துல இணைச்சீர்க்காரியா உன்னத்தான் உக்கார வெச்சேன். கூறைச்சீலையில ஒரு மொனை என்ற கிட்ட, ஒரு மொனை உன்ற கிட்ட. நாளைக்கும் உன்னைக் கைவிட மாட்டேன்னுதான் அந்தச் சீரே செய்யறது. நான் உன்ற பாட்டை நிறுத்துவனா?"

வைத்துவிட்டான். இணைச்சீர் செய்தவன் ஏன் பங்குக்குக் குறுக்கே நிற்கிறான் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியபோது லைனில் அவன் இல்லை.

மறுநாள் பெட்டி கம்பெனியின் சேவை எண்ணுக்குப் பேசினேன். ஒரு பெண் பிள்ளை எடுத்தது. சனிக்கிழமை ராத்திரி அப்டேட் ஒன்று வந்திருக்கிறதாம், அதில் எல்லாருடைய பெட்டிக்கும் எல்லை நாற்பதுக்குத் திரும்பிவிட்டதாம், யாரும் கை வைக்கவில்லையாம். "ஓனர் போனுக்கு ஒரு ஓடிபி வரும் மேடம், அதைப் போட்டா பழையபடி மாத்திக்கலாம்" என்றது.

ஆக, அண்ணன் மேல் நான் போட்ட பழி பொய். எனக்கு வெட்கமாக இருந்தது, வெட்கம் வந்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். இருந்தாலும் தப்பு தப்புதானே. சாயங்காலம் கூப்பிட்டேன்.

"அப்டேட்டுங்களாமாங்ணா. நீங்க பண்ணலை. நேத்து நான் பேசுனது தப்புங்க."

"செரி உடு."

"இப்ப உங்களுக்கு ஒரு ஓடிபி வரும். அதை மட்டும் சொல்லுங்க, நான் மாத்திக்கறேன்."

அவன் உடனே சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. தொண்டையைச் செருமினான். "வெள்ளிக்கிழமை நல்ல நாளு. பத்திர ஆபீசுக்கு வந்துரு அம்மிணி. ஒரே கையெழுத்து. அங்க வெச்சே பெட்டியையும் உன்ற பேருக்கே மாத்திப் போடறேன். அப்பறம் உனக்கு ஓடிபியே வேண்டாம்."

நேற்று பண்ணாத காரியத்துக்கு நான் திட்டினேன். இன்றைக்கு நான் திட்டியதையே பண்ணிக் காட்டினான். ஏழு ஏக்கர் தோட்டத்துக்கு ஒரு பாட்டுப் பெட்டியை ஈடு வைக்கிறான்! சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். சட்டம் எனக்குப் பங்கு கொடுக்கிறது, அண்ணன் ஓடிபி கூடக் கொடுக்க மாட்டேன் என்கிறான். "வெள்ளிக்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் இருக்குதுங்ணா" என்று மட்டும் சொல்லி வைத்தேன். அதற்கு மேல் பேசியிருந்தால் அழுதிருப்பேன், அவன் முன்னால் அழ எனக்கு மனசில்லை.

என் வீட்டுக்காரர் கரண்ட் ஆபீசில் வேலை பார்க்கிறவர். சண்டை என்றால் மெயினை ஆஃப் பண்ணிவிட்டு நிற்கிற சுபாவம். "கையெழுத்தப் போட்டுத் தொலையேன் புள்ள. அண்ணன் ஊடு நாளைக்கு வேணும்ல. எங்கக்கா போடலையா?" என்றார்.

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். "உங்கக்கா போட்டாங்க. அவங்க போட்ட கையெழுத்துல வந்த எடத்துலதான் இந்த ஊட்டைக் கட்டி உக்காந்திருக்கறீங்க" என்றேன்.

"அன்னிக்கு நீ ஒண்ணும் சொல்லலியே புள்ள."

சொல்லவில்லைதான். அன்றைக்கு அந்த அக்கா படிக்காமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தவளே நான்தான். சர்க்கரை போதுமா என்றுகூடக் கேட்டேன். அடுப்படிக்குப் போய், கழுவி வைத்திருந்த பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. பள்ளிக்கூடம் போனேன். பத்திர ஆபீஸ் திறந்திருக்கும் நேரமெல்லாம் ஆறாம் வகுப்புக்குப் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சேவை எண்ணுக்கு மறுபடி பேசினேன். ஓனர் சம்மதம் இல்லாமல் வேறு வழியே கிடையாதா என்றேன்.

"பெட்டிக்குப் பின்னாடி சின்ன ஓட்டை இருக்கும் மேடம். ஊசி வெச்சுப் பத்து செகண்ட் அமுக்கினா முழுசா ரீசெட் ஆயிரும். புதுசா வாங்கின மாதிரி, நீங்களே ஓனரா பதிஞ்சுக்கலாம். ஆனா உள்ள வெச்ச எல்லா செட்டிங்ஸும் போயிடும். திரும்ப வராது."

எல்லாம் என்றால் எது என்று எனக்குத் தெரியும். அண்ணன் இரண்டு நாள் அளந்து வைத்த சத்தம். அந்த மூச்சு. சேஃப்டி பின்னைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தேன். ரீசெட் பண்ணுவதற்கு முன்னால் அந்த நாதஸ்வரத்தை நாற்பதிலேயே வைத்து ஒரு முறை முழுதாகக் கேட்டேன். மலை ரோட்டில் வண்டி குறைந்திருந்ததால் நன்றாகவே கேட்டது. முடிந்ததும் ஊசியை வைத்து அமுக்கி, வாய்விட்டுப் பத்து எண்ணினேன். பெட்டியின் விளக்கு அணைந்து, மறுபடி வெள்ளையாக எரிந்தது.

ஆப் ஓனர் பேர் கேட்டது. முழுப் பேரையும், அப்பாவின் இனிஷியலோடு, அடித்தேன். எல்லையை எடுத்துவிட்டேன். பெட்டி இப்போது நூறு வரைக்கும் ஏறும்.

சத்தம் மட்டும் கேவலமாக இருந்தது. அதே நாதஸ்வரம் தகரக் கொட்டகைக்குள் வாசிப்பது போல. இழுப்பறையில் அவன் விட்டுப்போன மைக் இருந்தது. மூன்று ஞாயிறு உட்கார்ந்து நானும் நாற்காலிக்கு நாற்காலி நகர்த்தி அளந்தேன். பாதி வந்தது. மூச்சு வரவில்லை. எனக்கு அந்தக் காது இல்லை, என்ன செய்வது!

நாலாம் ஞாயிறு அவனே கூப்பிட்டான்.

"அம்மிணி, பெட்டி என்ற போன்ல காணமே. கெட்டுப் போச்சா?"

"கெடலைங்ணா. ரீசெட் பண்ணி என்ற பேருக்கு மாத்திட்டேன்."

ரிக் சத்தம் கேட்டது. அவன் அதிலிருந்து தள்ளி நடந்து போவதும் தெரிந்தது. "நான் வெச்சதெல்லாம் அழிஞ்சிருக்குமே."

"அழிஞ்சு போச்சுங்க."

"ரெண்டு நாள் உக்காந்து வெச்சேன் கண்ணு."

"தெரியுமுங்ணா. நாந்தான் சோறு போட்டேன்."

"இப்பச் சத்தம் எப்படி இருக்குது?"

நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லி அவனை நோகடித்திருக்கலாம். முடியவில்லை. "கேக்கச் சகிக்கலைங்ணா. வந்து வெச்சுக் குடுங்க. சோறு போடறேன். பத்திரத்தை மட்டும் எடுத்துட்டு வராதீங்க, நான் போட மாட்டேன்" என்றேன். லைன் கட்டாகிவிட்டது.

அன்றைக்கே ஆப்பைத் திறந்து அவன் நம்பரைச் சேர்த்தேன். எந்த உரிமையில் சேர்க்க என்று ஆப் கேட்டது. கெஸ்ட் என்பதை அமுக்கினேன். வந்தால் பாட்டுப் போடலாம், திருகைத் திருகலாம், செட்டிங்ஸில் கை வைக்க என் போனுக்கு ஓடிபி வரும், அவன் கேட்டதும் அதைச் சொல்வேன். அழைப்பு அவனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று காட்டுகிறது. அவன் இன்னும் ஏற்கவில்லை. நானும் அதைத் திரும்ப எடுக்கவில்லை. பென்சில் புள்ளி வைத்த பத்திரம் என் மேசையிலேயே கிடக்கிறது, அதிலும் நான் கை வைக்கவில்லை.