முன்வரிசை நாற்காலி

சூப்பர்வைசர் தந்தியை இரண்டு முறை படித்தார். சந்தனத்துக்கு இரண்டு முறையும் கேட்கவில்லை. தேயிலை உருட்டும் ஐந்து ரோலர்களும் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் தந்தியில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். பத்து நாளுக்கு முன் வண்டிப்பெரியார் பஸ் நிறுத்தத்தில், சிகரெட் அட்டையின் பின்பக்கம் அவனே எழுதிக்கொடுத்த வாசகம். அண்ணன் பழனிச்சாமி காலமானார். உடனே வரவும்.

கையில் அள்ளியிருந்த கொழுந்தைக் கீழே போட்டான். தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். இதுவும் முன்பே யோசித்து வைத்ததுதான். பக்கத்து ரோலரிலிருந்து சின்னமுத்து ஓடிவந்து அவன் தோளைப் பிடித்துத் தூக்கினான். சூப்பர்வைசர் லீவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். வெள்ளி, சனி. சாவு லீவு.

காது போய்க்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அதே ரோலர் அறை. அங்கே யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது. நிறுத்து, கொழுந்து போடு, சல்லடைக்குத் தள்ளு, டீமேக்கர் ஐயா வருகிறார், பீடி இருக்கிறதா. எல்லாவற்றுக்கும் விரலில் ஒரு சைகை இருந்தது. மிச்சத்தை எதிராளியின் வாயைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். குடியிருப்பு லைனுக்குத் திரும்பினாலும் அதே பழக்கம்தான். அதனால் ஒருவனுக்குக் காது போவதை மற்றவர்கள் கவனிப்பதில்லை. அவனும் கவனிப்பதில்லை.

மனைவி சுருளியம்மாள்தான் கண்டுபிடித்தாள். கொதிக்கும் வெந்நீர்ப் பானையோடு பின்னால் வந்தவள், விலகச் சொல்லி மூன்று தடவை கத்தினாள். அவன் விலகவில்லை. கணுக்கால் வெந்தது. எஸ்டேட் கம்பவுண்டர் காலுக்கு மருந்து கொடுத்தார், காதுக்கு எண்ணெய் கொடுத்தார். தேனியில் ஒரு டாக்டர் இரும்புக் கவை ஒன்றைத் தட்டி அவன் காதுக்குப் பின்னால் பிடித்துப் பார்த்தார். மிஷினை விட்டு வந்தால் இருக்கிற காது இருக்கும், இல்லாவிட்டால் ஒரு வருஷம் என்றார். தேயிலைக் காட்டைப் பார்த்துக்கொள்ளும் கண்டக்டரிடம் போய்ச் சந்தனம் வெளியே காட்டு வேலை கேட்டான். செடி கவாத்து வெட்ட இளவட்டங்களே அதிகம் என்று கண்டக்டர் சொன்னார். சந்தனத்துக்கு நாற்பத்து நாலு வயது.

அவன் பாடுகிறவன் இல்லை. கேட்கிறவன். பதினேழு வயதில் இந்த எஸ்டேட்டுக்கு வந்தவன். கோயில் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் ஒரு நாடக செட்டு வரும். அவன் போய் ஆர்மோனியத்துக்கு அருகில் உட்கார்ந்துகொள்வான். ராஜபார்ட் வேஷக்காரர் எந்த அடியில் மூச்சு வாங்குவார் என்பதுகூட அவனுக்கு மனப்பாடம். எழுபத்து மூன்றாம் வருஷ வேலைநிறுத்தத்துக்குப் பிறகு கம்பெனி திருவிழாப் பணத்தை நிறுத்தியது. செட்டு வருவதும் நின்றது. இரண்டு வருஷம் கழித்து, கடையில் பொரிகடலை மடித்துக் கொடுத்த காகிதத்தில் அதே செட்டின் பெயரைப் பார்த்தான். மதுரையில் கொட்டகை போட்டிருந்தார்கள். இன்னும் இரண்டு வாரம்தான். சனிக்கிழமை பகல் ஆட்டம் பாதிக் கட்டணம்.

காகிதத்தைச் சுருளியம்மாள் விளக்கருகில் பிடித்துப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவன் படித்துக் காட்டினான்.

"போயிட்டு வாங்க. காது இருக்கையிலேயே போங்க."

"தரை டிக்கெட்டுன்னா போயிட்டு வந்துரலாம்."

"தரையில பின்னாடி உக்காந்து என்னத்தக் கேப்பீங்க? சேரு எம்புட்டு?"

முன்வரிசை நாற்காலி பாதிக் கட்டணத்திலும் எட்டு ரூபாய். அதற்காக மற்றதையெல்லாம் குறைத்தார்கள். கம்பத்திலிருந்து காய்கறி ஏற்றி வரும் லாரி காலியாகத்தான் திரும்பும். டிரைவர் காசு கேட்க மாட்டான். இரண்டு நாளைக்குப் புளிச்சோறு. மதுரையில் பஸ் ஸ்டாண்டுத் திண்டில் படுத்துக்கொள்ளலாம். வழியில் டீ கிடையாது. இவ்வளவையும் சொன்னவள் சுருளியம்மாள்தான்.

லீவுதான் கிடைக்காது. ஐப்பசி மாதம், கொழுந்து கொட்டுகிற காலம். சாவு என்றால் மட்டும் விடுவார்கள், அதற்கும் தந்தி வர வேண்டும். யாரைச் சொல்வது என்று இரண்டு நாள் பேசினார்கள்.

"எங்க ஆத்தாவச் சொல்லிராதீங்க."

"ஒங்க ஆத்தா செத்தா நீயும்ல வரணும். ரெண்டு பேரு செலவுக்கு எங்க போறது?"

"அப்ப ஒங்க அண்ணன்தான். நமக்கு அவரு எப்பவோ செத்துட்டாரு."

அண்ணன் பழனிச்சாமி கம்பத்துக்குக் கிழக்கே இருந்தார். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. கிணற்றுப் பங்கில் தகராறு வந்து பேச்சு நின்று ஒன்பது வருஷமாகியிருந்தது. எஸ்டேட்டில் அவரைப் பார்த்தவர்களே கிடையாது. கம்பத்தில் வெற்றிலைக்கடை வைத்திருந்த சுருளியம்மாளின் தம்பி, வண்டிப்பெரியாருக்கு வந்தபோது, தந்தி அடிக்க ஒப்புக்கொண்டான்.

இவ்வளவு யோசித்தவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. சாவு வீட்டுக்கு யாரையும் லைன் தனியே அனுப்பாது. வீட்டுக்கு ஒரு ரூபாய் பிரித்து, கோடி வேட்டி வாங்கி, துணைக்கு இரண்டு ஆட்கள் போவார்கள். துணைக்குப் போகிறவர்களுக்கும் சம்பளத்தோடு லீவு. அந்தப் பதினேழு நாள் வேலைநிறுத்தத்தில் கிடைத்தது அது ஒன்றுதான். அந்தக் கோரிக்கைக்குச் சந்தனமும் கை தூக்கியிருந்தான். அது நிஜச் சாவுக்குத்தானே என்று இருவரும் இருந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

அவன் லைனுக்கு வந்தபோது வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு இறங்கி வந்தவர்கள், கூடையை வைத்துவிட்டுச் சுருளியம்மாளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அவள் முதலில் சும்மா நின்றாள். பிறகு அவளும் அழுதாள். வாய் பெரிதாகத் திறந்து மூடுவதைச் சந்தனம் பார்த்தான். சத்தம் லேசாகத்தான் வந்தது.

லைன் தலைவர் கருப்புசாமி மடியில் பணத்தைச் செருகியிருந்தார். கையில் காகிதம் சுற்றிய வேட்டி.

"கெளம்புப்பா. எடுக்குறதுக்குள்ள போயிரணும். சின்னமுத்துவும் வாரான். ஒன் பொஞ்சாதிக்கு லீவு இல்லைன்னுட்டாங்க."

"நீங்க எதுக்கு மாமா... நான் போயிக்கிறேன்."

"எதுக்கா? ஒன்னைய ஒத்தையில அனுப்பிட்டு நாங்க கொழுந்து கிள்ளிக்கிட்டு இருக்கவா?"

லாரி என்ற பேச்சுக்கே இடமில்லை. பஸ்ஸில் போனார்கள். கருப்புசாமி நடுவில், வேட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். காட்டு வேலைக்காரர். ரோலர் அறைச் சைகை அவருக்குத் தெரியாது. அவர் தலைக்குப் பின்னால் கை நீட்டி, சந்தனம் சின்னமுத்துவைத் தட்டினான். சாவுக்கு உண்டான சைகையைக் காட்டினான். இல்லை என்று கையை ஆட்டினான். சின்னமுத்துவுக்குப் புரியவில்லை. மறுபடி காட்டினான். பிறகு வாயை மட்டும் அசைத்தான். பொய். நாடகம். மதுரை.

சின்னமுத்து சிரித்துவிட்டான். வாயைப் பொத்திக்கொண்டு, குனிந்து, தோள் குலுங்கச் சிரித்தான்.

"ஏண்டா, இழவுக்குப் போறவன் இளிக்கிற?" என்றார் கருப்புசாமி.

"இல்ல மாமா... செத்தவரு..."

"செத்தவருக்கு என்னடா?"

"செத்தவரு சாகல மாமா."

குமுளியில் இறங்கினார்கள். செக்போஸ்ட்டைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் சந்தனம் எல்லாவற்றையும் சொன்னான். காதைச் சொன்னான், டாக்டரைச் சொன்னான், நாற்காலியைச் சொன்னான். கருப்புசாமி அடிப்பார் என்று நினைத்தான். அவர் அடிக்கவில்லை. கையிலிருந்த வேட்டியைப் பார்த்தார். அவன் பார்க்கும்படி முகத்தை நேரே திருப்பிவைத்துக்கொண்டு பேசினார்.

"நான் இப்பத் திரும்பிப் போயிச் சொன்னா ஒனக்கு வேலை போகும். அது ஒன் தலையெழுத்து. ஆனா தொரை என்ன செய்வான்? தொணைக்குப் போறதே பொய்யிம்பான். அந்த லீவ எடுத்துருவான். திருப்பிக் கேக்க முடியுமா? இப்ப எமர்ஜென்சி, எவனாச்சும் கொடி புடிச்சா ஜெயிலு."

"மன்னிச்சிருங்க மாமா."

"மன்னிச்சு என்ன செய்ய? ஒங்கண்ணன் செத்தாச்சு. நாப்பத்திரண்டு ஊட்டுப் பொம்பளைக அழுதாச்சு. இனி அவரு பொழைக்கக்கூடாது."

சின்னமுத்து மறுபடி சிரிக்கப் பார்த்தான். கருப்புசாமி திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

கம்பத்தில் இறங்கியதும் கருப்புசாமி முதலில் தேடியது நாவிதர் கடையைத்தான். பிள்ளையில்லாத அண்ணனுக்குத் தம்பிதான் கொள்ளி வைக்க வேண்டும். கொள்ளி வைத்தவன் தலைமுடியோடு திரும்ப முடியாது. சந்தனம் இதையும் நினைத்திருக்கவில்லை. போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தான். தந்தி கிடைத்த கையோடு மூன்று பேராகக் கிளம்பியவர்களுக்கா தாமதமாகும் என்றார் கருப்புசாமி.

"யாருக்கு?" என்று கேட்டார் நாவிதர், கத்தியைத் தீட்டிக்கொண்டே. சந்தனத்துக்குக் கேட்கவில்லை.

"கூடப் பொறந்த அண்ணன்" என்றார் கருப்புசாமி.

"வயசாளியா?"

"அம்பது இருக்கும்."

"சீக்காளியோ?"

"நல்லாத்தான் இருந்தாரு" என்றான் சின்னமுத்து.

மீசையையும் எடுத்தார்கள். கண்ணாடியில் சந்தனத்துக்கு அண்ணனின் முகம் தெரிந்தது. அவருக்கும் இதே மேலுதடு.

அங்கிருந்து மூவரும் சுடுகாட்டுக்கு நடந்தார்கள். பிரித்த பணத்தையும் வேட்டியையும் கருப்புசாமி வெட்டியானிடம் கொடுத்து, அடுத்து ஆதரவில்லாத பிணம் எது வருகிறதோ அதற்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். செத்த வீட்டுக் காசு என்றார். வெட்டியான் எண்ணாமல் வாங்கிக்கொண்டான்.

"நீ நாடகத்துக்குப் போ" என்றார் சந்தனத்திடம். "இம்புட்டுக்கும் பெறகு போகாம இருந்தாத்தான் பாவம். நான் ஒன் மச்சினன் கடையில கெடக்கேன். மூணு பேராப் போனவங்க மூணு பேராத் திரும்பணும்."

சின்னமுத்துவும் உடன் கிளம்பினான். தரை டிக்கெட்டுக்குத் தன்னிடம் காசு இருக்கிறது என்றான்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம். தகரக் கொட்டகை. பகல் ஆட்டத்துக்குக் கூட்டம் குறைவு. முன்வரிசையில் நாலைந்து பேர். மொட்டையும் மழித்த உதடுமாக வந்தவனைப் பார்த்துவிட்டுப் பக்கத்து நாற்காலிக்காரர் இரண்டு இருக்கை தள்ளிப் போய் உட்கார்ந்தார். தீட்டு என்று நினைத்திருப்பார். ஆர்மோனியக்காரர் பத்தடி தூரத்தில் இருந்தார். ராஜபார்ட் அதே ஆள்தான். கழுத்து சற்றுப் பருத்திருந்தது.

திரை எழுந்தது. ராஜபார்ட் வாயைத் திறந்தார். மிருதங்கம் கேட்டது. நாற்காலியின் மரம் வழியே முதுகுக்கு வந்தது. ஆர்மோனியத்தில் பாதிக் கட்டைகள் கேட்டன. விரல் மேலே போகப் போக ஒன்றுமில்லை. குரல் ஒரு மாதிரி இரைச்சலாக வந்தது, துணியைப் போட்டு மூடியதுபோல. அவர் நேராகப் பார்த்துப் பாடும்போது உதட்டைப் பார்த்து வார்த்தை புரிந்தது. பக்கவாட்டில் திரும்பி ராணியைப் பார்த்துப் பாடியபோது அதுவும் போயிற்று. மூச்சு வாங்குகிற இடம் மட்டும் தெரிந்தது. தோள் ஏறி இறங்கியது.

டாக்டர் சொன்ன ஒரு வருஷம் இன்னும் முடியவில்லை. ஏழு மாதம் பாக்கி இருந்தது. தொழிற்சாலையில் ரோலர் சத்தம் இருந்ததால், மற்றது எவ்வளவு போயிருக்கிறது என்று அவனுக்குத் தெரிய வழியில்லை. இங்கே ரோலர் இல்லை.

நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தான். கையைக் காதருகே குவித்துப் பிடித்தான். தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

இடைவேளையில் சின்னமுத்து தரையிலிருந்து எழுந்து வந்து காலியாயிருந்த பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். காதைத் தொட்டுக் காட்டிப் புருவத்தை உயர்த்தினான். கேக்குதா?

சந்தனம் கேட்கிறது என்று தலையாட்டினான்.

சின்னமுத்து நம்பவில்லை. திரை மறுபடி எழுந்ததும் பாட்டைச் சைகையில் சொல்ல ஆரம்பித்தான். ராஜா ராணியைப் பிரிந்து காட்டுக்குப் போகிறான். ரோலர் அறையில் அதற்குச் சைகை கிடையாது. சின்னமுத்து நிறுத்து என்று காட்டினான். பிறகு தள்ளு என்று. பிறகு முடிந்துவிட்டது, மிஷினைக் கழுவு என்று. கொஞ்ச நேரத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டான். அவன் கண்ணில் தண்ணீர் இருந்தது. பாட்டுக்காகவா என்று சந்தனத்துக்குத் தெரியவில்லை.

ஆறரை மணிக்கு ஆட்டம் முடிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அவனும் தட்டினான்.

இரவே இருவரும் கம்பத்துக்குத் திரும்பினார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கம்பத்திலிருந்து காலை ஆறு மணி பஸ்ஸில் மூவரும் ஏறினார்கள். பத்து மணிக்கு லைனுக்கு வந்து சேர்ந்தார்கள். வாசலில் அண்டாவில் தண்ணீர் வைத்திருந்தார்கள். மூவரும் தலையில் ஊற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். வேறு வீடுகளிலிருந்து சோறு வந்திருந்தது, அன்று சுருளியம்மாள் அடுப்பு மூட்டவில்லை. பாட்டு எப்படி இருந்தது என்று வாயை மட்டும் அசைத்துக் கேட்டாள். அவனும் அப்படியே, நன்றாயிருந்தது என்றான். எடுக்கும்போது கூட்டம் உண்டா என்று வந்தவர்கள் கேட்டதற்குக் கருப்புசாமி பதில் சொன்னார். பதினாறாம் நாளை லைனிலேயே கும்பிடுவது, அதற்கு வீட்டுக்கு இரண்டு ரூபாய் என்று பேசி முடிவாயிற்று. சனிக்கிழமைக் கொழுந்து மிச்சமிருந்ததால் தொழிற்சாலை ஓடியது. இரண்டு மணிக்குச் சந்தனம் வேலைக்குப் போனான். இரண்டாம் ரோலரில் போட்டார்கள். எட்டு மணி வரைக்கும் கொழுந்து இருந்தது.