அடுப்பில் வெந்த சிலிண்டர்

வட்டாமு கடற்கரையில் முக்குளிப்பவர்களுக்குக் சிலிண்டரில் மூச்சுக்காற்று நிரப்பிக் கொடுத்தே, அதுவும் அடுத்தவர் கடைகளில், இளமையைக் கழித்தவள் சிதி. இந்த வருஷம்தான் சொந்தக் கடை போட்டாள். மூடிப்போன கடலோர விடுதியிலிருந்து வாங்கிய இரும்பு முக்குளிப்புச் சிலிண்டர்கள்தான் அவள் மூலதனம். எல்லாம் துருவேறி, சொறிநாய்கள் மாதிரி நின்றன. தெற்குக் காற்று அடங்கி ஆட்கள் வருவதற்குள் அவற்றைத் தேற்றியாக வேண்டும். ஆரம்பத்திலேயே கெட்ட பேர் வந்தால் கடை எழுந்திருக்காது.

கணவன் கசுங்கு ஜன்னல் கிராதி செய்பவன். பெயிண்ட் பொடியைச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் பவுடர் கோட்டிங்குக்கு அவனே கட்டிய அடுப்பு ஒன்று உண்டு.

"எங்கிட்ட விடு. கல்யாணப் பொண்ணு மாதிரி மினுக்கித் தர்றேன்."

"உன் அடுப்பு எவ்வளவு சூடாகுதுன்னு உனக்கே தெரியாது. ஜன்னலுக்குச் சரி. காத்தை அடக்குற இரும்பு சூட்டுல பலம் போச்சுன்னா வெடிகுண்டுய்யா அது!"

படகுப் பெயிண்டையும் அவள் ஒதுக்கினாள். ஒரு இடி பட்டால் பொருக்குப் பொருக்காய் உதிர்ந்துவிடும். கடைசியில் அடியில் துத்தநாகப் பெயிண்ட், மேலே எபாக்ஸிப் பூச்சு என்று முடிவு செய்தாள். கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். நிழலிலேயே காயும், நெருப்பு வேண்டாம்.

கசுங்குவோ கள்ளுக்கடையில் தன் அடுப்பைப் பற்றி ஏற்கெனவே பீற்றிவிட்டு வந்திருந்தான். அவள் சந்தைக்குப் போன நேரம் பார்த்து ஒரு சிலிண்டரை அடுப்பில் ஏற்றிவிட்டான். திரும்பி வந்தால், முற்றத்தில் மாம்பழ மஞ்சளில் அது ஜொலிக்கிறது. அழகாகத்தான் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல்.

"அட பாவி மனுஷா!"

"ரொப்பித்தான் பாரேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல?"

வால்வைக் கழற்றி, டிரில்லை எடுத்து, இனி யாரும் ரொப்ப முடியாதபடி அவளே அதில் ஓட்டை போட்டாள். கசுங்கு உகாலிக் களியைச் சுவரைப் பார்த்தபடி தின்றான். மறுநாள் யாரும் கூப்பிடாமலே கம்பி பிரஷ்ஷோடு வந்து மற்றவற்றின் துருவைத் தேய்க்க உட்கார்ந்தான். சிதி பூச்சு அடித்து முடித்ததும் மொம்பாசாவிலிருந்து வந்த பரிசோதகர் விளக்குப் போட்டு உள்ளே பார்த்து, அழுத்தச் சோதனையும் செய்து, அத்தனையும் தேறியதாகச் சொல்லிவிட்டார். சிதி முற்றத்திலேயே ஆடினாள். பரிசோதகரையும் விடவில்லை.

ஓட்டைச் சிலிண்டரின் அடியை அறுத்து, கசுங்கு அதைக் கடை வாசலில் மணியாகக் கட்டினான். முதல் நாள் வந்த பெண்ணொருத்தி, "இருக்கறதுலயே அழகானதை ஏன் தொங்க விட்டுட்டீங்க?" என்று கேட்டாள். கள்ளுக்கடைக் கூட்டமும் வேடிக்கை பார்க்க வந்து நின்றது. சிதி கசுங்குவைத் திரும்பிப் பார்த்தாள். கசுங்கு தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"நான் தெரியாத்தனமா வேகவச்சதும்மா. அப்படியே ரொப்பிக் குடுத்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. எம் பொண்டாட்டிதான் பொத்தல் போட்டுட்டா. மத்ததெல்லாம் அவ கை பட்டது. தைரியமா மாட்டிக்கிட்டுப் போங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தப் பெண் சிதி ரொப்பிக் கொடுத்த சிலிண்டரைத் தோளில் மாட்டி வாரை இறுக்கிக்கொண்டாள்.