இரண்டு ரிமோட்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பூதக்கண்ணாடி. செட்டாப் பாக்ஸுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனியில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. உதடு அசைந்து குரல் ஓர் இமைப்பொழுது பிந்தினாலும் எழுதினவர்களின் உயிரை வாங்கிவிடுவாள். தன் கழுத்தில் தாலி ஏறும் நேரத்தில் வீடியோக்காரரைக் கூப்பிட்டு, "சத்தம் பிந்துது" என்று சொன்னவள் என்று ஊரே பேசும், அவள் மறுத்ததுமில்லை.

அன்று மதியம் புது மென்பொருள் லட்சக்கணக்கான வீடுகளுக்கு சாட்டிலைட் வழியாக வானத்திலிருந்து இறங்க வேண்டும். விட்டால் விட்டதுதான், உறைந்துபோகும் ஒவ்வொரு பெட்டியையும் ஆள் போய்த் திறந்துதான் எழுப்ப வேண்டும். அவள் 'சரி' சொல்வது ஒன்றே பாக்கி. அவளோ, சோதித்துப் பார்க்க வீட்டுக்குக் கொண்டுபோன பெட்டியைச் செத்த கோழி மாதிரி தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"நேத்து சாயங்காலம் அப்படியே நின்னுடுச்சு சார். ஏன்னு தெரியல."

மேனேஜர் முகம் கடுகடுத்தது. "இங்க மெஷின் விரல் வாரக்கணக்கா பட்டனைத் தட்டுது, ஒரு தடவைகூட நிக்கல. உங்க வீட்டு கரண்ட்டுல கோளாறா இருக்கும். மதியத்துக்குள்ள இங்கயும் அதே மாதிரி நிக்க வச்சுக் காட்டுங்க, இல்ல சரின்னு சொல்லுங்க. ரெண்டும் முடியாதுன்னா சொல்றதுக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

இன்னொரு பெட்டியை வைத்துத் தட்டினாள். அணைத்துப் போட்டாள், மறுபடி தட்டினாள். பெட்டி பரம சாதுவாக இருந்தது. கடிகாரத்துக்கு மட்டும் கால் முளைத்துவிட்டது.

நேற்று என்னதான் நடந்தது? மாமனாருக்குச் செய்தி, புருஷனுக்கு மேட்ச். பெரியவர் பழைய ரிமோட்டைத் தேடி எடுத்துவர, மகன் புதுசை விடவில்லை...

சட்டென்று நிமிர்ந்தாள். இங்கே மேசைக்கு ஒரு ரிமோட். சண்டை போட ஆளே இல்லையே! பக்கத்து மேசை ரிமோட்டை எடுத்து மேனேஜரிடம் நீட்டினாள்.

"சார், இந்த ரிமோட்டைப் பிடிங்க. உங்களுக்குச் செய்தி, எனக்கு மேட்ச்."

மேனேஜர் மரியாதைக்காரர். அவள் அமுக்கி முடிக்கும்வரை பொறுத்திருந்து அமுக்கினார். படம் சமர்த்தாக மாறியது.

"இப்படியா சார் வீட்டுல அமுக்குவீங்க?"

"எங்க வீட்டுல ரிமோட் என் கைக்கு வந்ததே இல்லம்மா."

"அதான் தெரியுதே! அங்க மேடம் வச்சதுதான் சேனல், இங்க நான் வச்சதுதான். ஒரு செய்தி பார்க்கத் துப்பில்ல, வேற ஆளைப் பார்க்கப் போறாராம்!"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேனேஜரின் காது மடல் சிவந்தது.

"யாருக்குத் துப்பில்ல? பட்டன்லேர்ந்து கையை எடும்மா!"

"நீங்க எடுங்க!"

செய்தி, மேட்ச், செய்தி, மேட்ச் என்று திரை பேயாட்டம் ஆடியது. திடீரென்று நின்றது. அவள் ஒவ்வொரு பட்டனாக அமுக்கினாள். மேனேஜரும் அமுக்கினார். அசையவில்லை.

மேனேஜர் போனை எடுத்தார். "அனுப்பாதீங்க. ஆமா, நான்தான் சொல்றேன். நிறுத்துங்க."

போனை வைத்தவர் ரிமோட்டை வைக்கவில்லை. திரையில் செய்தி வாசிக்கும் பெண் வாயைப் பாதி திறந்தபடி உறைந்திருந்தாள். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செய்தியிலதானே நின்னுருக்கு?"

"ஆமா சார்."

"அப்போ ஜெயிச்சது நான்தான். வாழ்க்கையில மொத தடவை."