நீலத்தில் பதிந்த குதிகால்

இன்று காலை கம்பெனியில் கட்டிங் டேபிளில் புது பனியன் துணியை விரித்ததும் எழுந்த வாசனை, நான் வளர்ந்த, வரிசையாய் ஒட்டி நின்ற பழைய லைன் வீட்டுக்கே என்னைக் கொண்டுபோய்விட்டது.

மூளை முடக்குவாதத்தோடு பிறந்தவள் நான். இடது குதிகால் தரையைத் தொடாது. தெரபி டீச்சர் காட்டியபடி அம்மா தினமும் என் பாதத்தை மெல்ல மேலே மடக்கிப் பிடிப்பாள். ஞாயிறானால் அப்பா பனியன் கழிவுத்துணியை விரித்து, என் பாதத்தைச் சொட்டுநீலத்தில் நனைத்து, குதிகால் பதிகிறதா என்று பார்க்க அந்தத் துணிமேல் நிற்கவைப்பார். விரல்கள் மட்டும் பதியும்.

ஒரு ஞாயிறு, விரல்களுக்குப் பின்னால் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு நீலப்பொட்டு.

"ஏனுங்க, புள்ளைக்குக் குதிகாலு பதிஞ்சிருச்சுங்க!"

அம்மா போட்ட சத்தத்தில் லைனே கூடிவிட்டது. அப்பா அந்தத் துணியைக் கட்சிக்கொடி மாதிரி உயர்த்திப் பிடித்து வீடு வீடாகக் காட்டினார்.

இன்று, டேபிளைச் சுற்றி வரும் என் நடையைப் பார்த்த புது சூப்பர்வைசர் எனக்காக ஒரு நாற்காலியோடு வந்தார்.

"எடுத்துட்டுப் போங்க சார். நிக்கறதுக்குத்தானுங்க நான் வேலைக்கே வர்றேன்," என்றேன்.