கதவைத் தட்டிய ஞாயிறு

சிவகாசிப் பக்கத்திலிருந்து அவிநாசிபாளையத்துக்கு வந்து நானும் கணவரும் ஒரே பனியன் கம்பெனியில் சேர்ந்தோம். நான் செக்கிங், அவர் கட்டிங். சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் மகளோடு குடியிருந்தோம். குடித்துவிட்டு அவர் அடிப்பது அத்தனை வீட்டுக்கும் கேட்டிருக்கும். காயத்தைப் பார்த்து யாராவது விசாரித்தால் கதவில் இடித்துக்கொண்டேன் என்பேன். அவர்களும் அதற்கு மேல் கேட்டதில்லை.

பக்கத்துச் சந்தில் ஒரு பெண்ணுக்குக் கையை ஒடித்துவிட்டான் புருஷன். கட்டோடு அவள் அம்மா வீட்டுக்குப் போன பிறகு, எங்கள் மகளிர் குழுவில் எல்லோருமாகக் கூடிப் பேசினார்கள். இனி சத்தம் கேட்டால் யாரும் கூப்பிடும்வரை காத்திருக்கக் கூடாது, போய்க் கதவைத் தட்ட வேண்டும், கூட ஒரு ஆம்பளையையும் அழைத்துப் போக வேண்டும் என்று முடிவு செய்தார்கள். நானும் தலையாட்டினேன். என் வீட்டுக் கதவை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள் என்று நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கறிக்குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று சட்டியைத் தள்ளிவிட்டு என் தலைமுடியைப் பிடித்தார். மகள் கத்தினாள். உடனே கதவு தட்டப்பட்டது. அவரே போய்த் திறந்தார். லைன் வீடுகளுக்குச் சொந்தக்கார அக்காவும் பக்கத்து வீட்டுக்காரியும் நின்றார்கள். பின்னால், அதே லைனில் குடியிருக்கும் எங்கள் கம்பெனிக் கட்டிங் மாஸ்டர்.

"இது எங்க குடும்ப விஷயம்" என்றார் இவர்.

"நாங்களும் அப்படி நெனச்சுட்டுத்தான் சும்மா இருந்தோமுங்க தம்பி" என்றார் மாஸ்டர். "சந்துல அந்தப் புள்ளைக்குக் கை போனப்பறம் தூக்கம் வரலீங்க."

வீட்டுக்கார அக்கா என் கணவரைத் தாண்டி உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உங்க ஊருக்குப் போறயா கண்ணு, இல்ல இங்கயே இருக்கறயா?"

இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஊரில் பொறுத்துப் போ என்பார்கள், இல்லாவிட்டால் கிளம்பி வந்துவிடு என்பார்கள்.

"இங்கதான் இருப்பேன்க்கா. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கு."

அக்கா அவரிடம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. "அப்ப நீங்க கெளம்புங்க தம்பி. அடிச்சவங்கதான் வெளிய போகோணும். ஊடு இந்தப் புள்ளைக்கு."

அவர் மாஸ்டர் முகத்தைப் பார்த்தார். மாஸ்டர் வண்டிச் சாவியை எடுத்தபடி, "கம்பெனி ரூம்ல எடம் இருக்குதுங்க, வாங்க போலாம்" என்றார். நாலு சட்டையைப் பையில் திணித்துக்கொண்டு இவர் மாஸ்டர் வண்டியில் ஏறிப் போனார்.

எனக்கு முதலில் வந்தது வெட்கம். லைன் முழுக்கப் பார்த்துவிட்டதே என்று. சிந்திய குழம்பைத் துடைத்தேன். மகளுக்கு ரசம் ஊற்றிச் சோறு போட்டேன். கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தரையில் சாய்ந்தவள், அப்படியே தூங்கிப்போனேன். விழித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அவர் வரும் நேரமாயிற்றே என்று பதறி எழுந்து, வரமாட்டார் என்பது நினைவுக்கு வந்து மறுபடி படுத்தேன். எலும்பெல்லாம் இளகிய மாதிரி இருந்தது.

மகளிர் காவல் நிலையத்துக்குப் போவதானால் கூட வருவதாகக் குழுவில் சொல்லியிருக்கிறார்கள். இதுவரை அந்தத் தேவை வரவில்லை. ஞாயிறுகளில் என் கணவர் வந்து வாசலில் உட்கார்ந்து மகளோடு பேசிவிட்டுப் போகிறார். குடியை நிறுத்த மாஸ்டர் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார். திரும்பி வரலாமா என்று ஆள் விட்டுக் கேட்டார். இப்போது வேண்டாம் என்றேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

போன மாதம் கடைசி வீட்டுக்குப் புதுக் குடும்பம் வந்தது. தண்ணீர் எப்போது வரும், குப்பையை எங்கே போடுவது என்று சொல்ல அக்காவோடு நானும் போனேன். "இந்த லைன்ல பொண்டாட்டிய அடிக்கக் கூடாதுங்கண்ணா. சத்தம் கேட்டா வந்துருவோம்" என்று நானே சொன்னேன். அந்த அண்ணன் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. நாங்கள் கிளம்பும்போது வாசல்வரை வந்து, என் வீடு எது என்று கேட்டாள். காட்டினேன்.